மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒரு வண்ணப் படம்: ‘படைப்பின் தூண்கள்’ உருவான விதம்

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் பலருக்கும் தெரிந்தது ‘படைப்பின் தூண்கள்’. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப் ஹெஸ்டரும் போல் ஸ்கோவனும் 1995 ஏப்ரல் 1 ஆம் திகதி அதற்கான படங்களை எடுத்தார்கள். ஏறத்தாழ 6500 ஒளியாண்டுகளுக்கு அப்பால், கழுகு நெபுலாவுக்குள், வாயுவும் தூசும் திரண்டு நிற்கும் தூண்கள் அவை. இதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: “அது கொம்பியூட்டரில கலர் அடிச்ச படம்தானே?”

நியாயமான கேள்வி. ஆதாரமாக ஒரு படத்தைக் காட்டினால் ‘அது எடிட் செய்தது’ என்ற பதிலைக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே இந்தப் படத்துக்கு என்னதான் செய்தார்கள் என்று பார்ப்போம்.

ஹபிளின் கமராவுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் அது எண்ணும். நிறத்தைப் பிரிப்பது முன்னால் வரும் வடிகட்டி. தூண்களை மூன்று குறுகிய வடிகட்டிகளூடாகத் தனித்தனியே எடுத்தார்கள்: கந்தகம் உமிழும் 673 நானோமீற்றர் ஒளி, ஐதரசனின் 656, ஒட்சிசனின் 502. கிடைத்தவை மூன்றுமே கறுப்பு வெள்ளை.

அடுத்தது துப்புரவு வேலை. விண்வெளியில் பாயும் கொஸ்மிக் கதிர்கள் படத்தில் வெள்ளைக் கீறல்களாக விழும். அதே இடத்தை மீண்டும் எடுத்து ஒப்பிட்டால், ஒன்றில் மட்டும் இருக்கும் கீறல் எது என்று தெரிந்துவிடும், அதை நீக்கலாம். பின்னர் நட்சத்திரங்களை அடையாளமாக வைத்து மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவார்கள். (அந்தப் படத்தின் ஒரு மூலை படிக்கட்டு போல வெட்டுப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கமராவின் நான்கு உணரிகளில் ஒன்று மற்றவற்றைவிடப் பெருப்பித்துப் பார்த்தது. அதை ஒரே அளவுக்குச் சுருக்கியபோது அந்த மூலை வெறுமையானது.)

பொருத்திய படத்தைத் திறந்தால் திரை கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். அந்தக் கமரா வெளிச்சத்தை 4096 படிகளாக அளந்தது. வழமையான திரை காட்டுவது 256 படிகள். மங்கலான வாயு அடியில் சில படிகளுக்குள் நெருங்கிக் கிடக்கும். அதை இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். கூட இழுத்தால் நட்சத்திரங்கள் வெளிறும், இரைச்சல் புள்ளிகள் எழும். கைப்பழக்கம் தேவைப்படும் இடம் இதுதான்.

பிறகுதான் நிறம். கந்தகத்துக்குச் சிவப்பு, ஐதரசனுக்குப் பச்சை, ஒட்சிசனுக்கு நீலம். நீண்ட அலைநீளத்திலிருந்து குறுகியதுவரை, வானவில்லின் அதே ஒழுங்கு. ஏன் கண்ணுக்குத் தெரியும் நிறத்தையே கொடுக்கவில்லை? ஐதரசன், கந்தகம் இரண்டின் ஒளியுமே எங்கள் கண்ணுக்குச் சிவப்புத்தான். அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. ‘பொய் நிறம்’ என்ற சொல் எனக்கு உவப்பில்லாததும் இதனால்தான். வரைபடத்தில் கடலுக்கு நீலம் பூசுவது பொய்யா? இங்கே நிறம் ஒரு குறியீடு, அந்தக் குறியீடு எதைக் குறிக்கிறது என்பதும் படத்துடன் வெளியிடப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐதரசன் மற்ற இரண்டையும்விடப் பிரகாசமானது. சமமாகக் கலந்தால் படம் முழுவதும் பச்சையாகிவிடும். எனவே கந்தகத்தையும் ஒட்சிசனையும் கூடுதலாக இழுக்கிறார்கள். அதன் பக்கவிளைவாக, இந்த முறையில் செய்த படங்களில் நட்சத்திரங்கள் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரியும். சிலர் அதைத் திருத்துவார்கள். என் பார்வையில் இவையெல்லாம் ஏற்கத்தக்கவை, ஏனென்றால் படம் முழுவதற்கும் ஒரே விதி. ஒரு தூணை மட்டும் எடுப்பாக்கினாலோ, இல்லாத கிளையை வரைந்தாலோ அது வேறு கதை.

ஹபிளின் மூலத் தரவுகள் இணையத்தில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. சிரில், கிம்ப் ஆகிய மென்பொருள்களுக்கும் காசில்லை. சாதாரண மடிகணினி போதும். செய்து பார்க்க விரும்புபவர்கள் முதலில் ஐதரசன் படத்தை மட்டும் திறந்து, தூண்களின் விளிம்பு தெளியும்வரை இழுத்துப் பழகுங்கள். கந்தகத்தையும் ஒட்சிசனையும் பிறகு சேர்க்கலாம். எந்தக் கோப்புக்கு எந்த நிறம் கொடுத்தீர்கள் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள்.