வெளியூர் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட்

என் மேசை இழுப்பறையில் ஒரு டிக்கெட் துண்டு இருக்கிறது. மினியாபொலிஸ் நகரில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வில்லியம்ஸ் அரங்கில் 2019 குளிர்காலத்தில் நடந்த பெண்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கானது. எங்கள் ஊர் அணியான அயோவா அன்று அங்கே விருந்தாளி அணி. டிக்கெட் விலை பத்துச் சொச்சம் டாலர். அமெரிக்காவுக்கு வந்து ஐந்தாவது ஆண்டில், யாரிடமும் கேட்காமல், என் சம்பளத்தில், எனக்காக மட்டும் நான் வாங்கிய முதல் பொருள் அதுதான்.

2014-ல் எச்-4 விசாவில் அயோவா சிட்டிக்கு வந்தேன். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் விசா அது. அதில் வந்தவர் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டிய குடும்பங்களுக்கு 2015-ல் அந்தத் தடை தளர்ந்தது. எங்கள் முறை 2018-ல் வந்தது. அதுவரை பால் வாங்கினாலும் புடவை வாங்கினாலும் கணவரின் கைபேசிக்குச் செய்தி போகும். அவர் கணக்குக் கேட்டதில்லை. ஆனாலும் கடையில் நின்று எனக்குள் நானே கணக்குச் சொல்லிக்கொள்வேன்.

அந்த டிக்கெட்டைக் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "பொம்பளப் பிள்ளைங்க பந்து விளையாடுறதப் பார்க்கவா அஞ்சு மணி நேரம் கார்ல போறே? அதுவும் காசு கொடுத்து?"

பயணம், காசு, பார்ப்பது. அவர் வியந்த மூன்றும் பெண்களுக்கு ஆகாதவை என்று இந்த நாட்டில் ஒரு காலத்தில் முறையாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளின் பெண்கள் மோதிய முதல் கூடைப்பந்து ஆட்டம் 1896 ஏப்ரல் 4 அன்று நடந்தது. ஸ்டான்ஃபோர்டு ஒரு பக்கம், பெர்க்லியிலிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மறுபக்கம். இரு அணிகளும் தத்தம் வளாகத்தை விட்டுக் கிளம்பி சான் பிரான்சிஸ்கோ நகரின் ஒரு மண்டபத்தில் சந்தித்தன. ஆகவே அது இரு அணிக்கும் வெளியூர் ஆட்டம். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடியிருந்தார்கள். ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது. மூன்றே ஆண்டுகளில், 1899-ல், பெண்கள் அணிகள் பிற கல்லூரிகளோடு மோதக் கூடாது என்று அதே ஸ்டான்ஃபோர்டு தடை போட்டது.

பிற கல்லூரிகளிலும் கதவுகள் மெல்ல மூடின. மூடியவர்களில் ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் இருந்தார்கள் என்பதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 1923-ல் தேசிய அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவு உருவானது. அதற்குத் தலைமை ஏற்றவர் லூ ஹென்றி ஹூவர். பின்னாளில் குடியரசுத் தலைவரின் மனைவியானவர். 1896-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவியாக இருந்தவர். வீராங்கனைகள் ஊர் ஊராகப் போவதையும், நுழைவுக் கட்டணம் வசூலிப்பதையும், பார்வையாளர்களின் கேளிக்கைக்காக ஆட்டம் நடத்துவதையும் அந்தப் பிரிவு எதிர்த்தது. பதிலாக 'பிளே டே' என்று ஒன்று வந்தது. பல கல்லூரி மாணவிகளை ஒரே இடத்துக்கு அழைத்து, அணிகளைக் கலந்து பிரித்து, யார் வென்றார் என்பது முக்கியமாகாதபடி ஆடவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்புவார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆண்களின் கல்லூரி விளையாட்டு வசூலுக்கும் சூதாட்டத்துக்கும் போனதைப் பார்த்தவர்கள். பெண்களையாவது காப்பாற்ற நினைத்தார்கள். அப்படிக் காப்பாற்றியதில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு போனது.

அந்த அரை நூற்றாண்டுக்குள் அகப்பட்டவர் என் பக்கத்து வீட்டு அம்மா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. என்னைவிட முப்பது வயது மூத்தவர். மினியாபொலிஸ் போகலாம் வா என்று என்னை அழைத்தவர் அவர்தான். அயோவாவின் சிறு கிராமம் ஒன்றில் பிறந்து, 1960-களின் தொடக்கத்தில் பள்ளி அணியில் ஆடியவர். அன்று இங்கே பெண்கள் ஆடியது அறுவர் ஆட்டம். ஓர் அணியில் ஆறு பேர். மூவர் எதிரணிக் கூடையை நோக்கி ஆடுவார்கள், மூவர் தம் கூடையைக் காப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. இரண்டு முறைக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது. பெண் உடம்புக்கு அதற்கு மேல் ஓட்டம் ஆகாது என்ற எண்ணத்தில் பிறந்த விதிகள் அவை. ஆனால் அயோவாவின் கிராமங்கள் அந்த ஆட்டத்தைத் திருவிழாவாகவே கொண்டாடின. டிமாயின் நகரில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு ஊரையே பூட்டிவிட்டு மக்கள் போவார்கள். அரங்கில் பதினைந்தாயிரம் பேர் இருப்பார்கள்.

பள்ளி முடித்து அவர் கல்லூரிக்குப் போனார். அங்கே பெண்களுக்கு அணியே இல்லை. "பதினேழு வயசுல ஆயிரக்கணக்கான பேர் என்னைப் பார்த்தாங்க. பதினெட்டு வயசுல பந்தை எங்க வைக்கிறதுன்னே தெரியல" என்று காரில் ஒருமுறை சொன்னார்.

கதவு திறந்தது 1970-களில். 1971-ல் பெண் விளையாட்டு ஆசிரியைகள் சேர்ந்து ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற மகளிர் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1972-ல் அதன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. அதே ஆண்டு ஜூனில், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்யும் டைட்டில் நைன் சட்டம் வந்தது. முதல் கோப்பையை வென்றது பென்சில்வேனியாவின் இம்மாக்குலேட்டா என்ற சிறு கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. இல்லினாய்ஸ் மாநிலத்தில் நடந்த அந்தப் போட்டிக்குப் போகக் காசில்லாமல் வீராங்கனைகள் பல்துலக்கிகள் விற்றார்கள். அப்படியும் எட்டுப் பேர்தான் விமானம் ஏற முடிந்தது. அந்த அணியின் ஆட்டங்களுக்கு வந்த கன்னியாஸ்திரிகள் வாளிகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். 1974-ல் இருபத்திரண்டு வயதில் டென்னசி அணியின் பயிற்றுநரான பாட் சம்மிட், அணியின் வேனைத் தாமே ஓட்டினார், சீருடைகளைத் தாமே துவைத்தார். அவருடைய முதல் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஐம்பத்து மூன்று பேர்.

கூட்டம் தானாக வரவில்லை, கூட்டினார்கள். அயோவாவில் பெண்கள் விளையாட்டுத் துறையை 1973 முதல் 2000 வரை நடத்திய கிறிஸ்டீன் கிராண்ட், 1983-ல் விவியன் ஸ்ட்ரிங்கரைப் பயிற்றுநராகக் கொண்டுவந்தார். 1985 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 22,157 பேர் வந்தார்கள். அரங்கின் கொள்ளளவோ அதைவிட ஆயிரக்கணக்கில் குறைவு. பக்கத்து வீட்டு அம்மா அன்று படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தாராம். மறுவாரமே வெளியூர் ஆட்டங்களுக்கும் போகத் தொடங்கிவிட்டார்.

டிக்கெட் வாங்கும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவரே. விருந்தாளி அணிக்கென்று அதன் இருக்கைக்குப் பின்னால் சில வரிசைகளை ஒதுக்குவார்கள். வீராங்கனைகளின் குடும்பத்தார் போக மிச்சம் இருக்கும். உள்ளூர் டிக்கெட் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி அந்த மிச்சத்தைக் கேட்க வேண்டும். "நம்ம பிள்ளைங்க தலையைத் திருப்பினா நம்ம முகம் தெரியணும்" என்பார். வில்லியம்ஸ் அரங்கில் ஆடுகளம் தரையைவிட மேடைபோல உயர்ந்திருக்கும். வெளியே வரும் வீராங்கனைகள் கீழிறங்கி உட்கார வேண்டும். அன்று மேல் வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பந்து தரையில் படும் ஒவ்வோர் ஒலியும் கேட்டது. மேகன் கஸ்டஃப்சன் கூடைக்கடியில் திரும்பித் திரும்பிப் புள்ளி எடுத்தபோது நான் கத்தினேன். பொது இடத்தில் நான் அப்படிக் கத்தியது அதற்கு முன் எப்போது என்று நினைவில்லை.

2024 பிப்ரவரி 28 அன்று அயோவா மறுபடி அதே அரங்கில் ஆடியது. இம்முறை கெய்ட்லின் கிளார்க் அணியில் இருந்தார். போகும் ஊரிலெல்லாம் அரங்கு நிரம்பிக்கொண்டிருந்த பருவம். விருந்தாளி வரிசையில் மிச்சம் என்ற பேச்சே இல்லை. மறுவிற்பனையில் கூரைக்கடியில் இருந்த இரண்டு இருக்கைகளுக்குக் கேட்ட விலை, எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவைத் தாண்டியது. அவருக்கும் சேர்த்து நானே வாங்குகிறேன் என்றேன். ஓய்வூதியத்தில் வாழ்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. என்னை மட்டும் போகச் சொன்னார். நான் போகவில்லை. அவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம்.

கிளார்க் அன்று 33 புள்ளிகள் எடுத்தார். மொத்தம் 3,650. லினெட் உட்டர்டின் 3,649-ஐ ஒரு புள்ளியில் தாண்டினார். உட்டர்டு 1977 முதல் 1981 வரை கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர், ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலத்து வீராங்கனை. அதுவரை ஆண்கள் விளையாட்டை மட்டும் கவனித்து வந்த என்.சி.ஏ.ஏ., 1981-82 பருவத்தில் பெண்களுக்கும் கோப்பை நடத்தத் தொடங்கியதும் ஏ.ஐ.ஏ.டபிள்யூ. மூடப்பட்டது. அந்தச் சங்கத்தின் கீழ் எடுத்த புள்ளிகளை என்.சி.ஏ.ஏ. தன் சாதனைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால்தான் இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 15 அன்று, கெல்சி பிளம்மின் 3,527-ஐக் கிளார்க் தாண்டியபோதே பெண்களில் அவர்தான் முதலிடம் என்று நாடு கொண்டாடி முடித்திருந்தது.

"நான் உட்டர்டுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார் அந்த அம்மா. பல்துலக்கி விற்றுப் பயணம் போனவர்களும், வாளி தட்டியவர்களும், அந்த ஐம்பத்து மூன்று பேரும் இருந்த காலத்தின் எண் அது. அது எண்ணிக்கையில் இல்லையென்றால் அவர்களும் இல்லை.

டிக்கெட் விலையைப் பற்றி அவரிடம் கேட்டேன். நீண்ட நேரம் யோசித்தார். விலை ஏறியது நியாயம்தான், இத்தனை காலம் இலவசம்போல இருந்ததுதான் அநியாயம் என்றார். பிறகு, "ஆனா நான் அங்க இருந்திருக்கணும்" என்றார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க என்னாலும் முடியவில்லை. பார்வையாளர்களின் காசு விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று பயந்த 1923-ன் பெண்கள் முழுக்கத் தவறு என்று இப்போது சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கண்ட தீர்வின் விலையைப் பதினெட்டு வயதில் கொடுத்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வசந்தத்தில் கிளார்க் பட்டம் பெற்றுப் போனார். பயிற்றுநர் லிசா ப்ளூடர் ஓய்வுபெற, பள்ளியில் அறுவர் ஆட்டம் ஆடிய ஜான் ஜென்சன் பொறுப்பேற்றார். மறுவிற்பனை விலை இறங்கியது. அடுத்த குளிர்காலத்தில் ஒரு நாள் அந்த அம்மா கதவைத் தட்டி, எதிரணி ஊர் அலுவலகத்தில் பேசிவிட்டதாகச் சொன்னார். விருந்தாளி வரிசையில் இரண்டு இருக்கை மிச்சம் இருக்கிறதாம். கணவரிடம் சொன்னேன். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று மட்டும் கேட்டார்.