த்ராட்டிலை யார் கையில் கொடுப்பது?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் கிரிஃபித் பார்க்கில் ஒரு சிவப்பு மரக்கொட்டகை இருக்கிறது. மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறப்பார்கள். டிக்கெட் எல்லாம் கிடையாது. உள்ளே பட்டறைக் கருவிகள், புகைப்படங்கள், ரயில் சாமான்கள். வால்ட் டிஸ்னி தன் வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அதன் கட்டுப்பாட்டு அறையாகவும் அவரது மரவேலைப் பட்டறையாகவும் இருந்த கொட்டகை அது. சிறுவயதில் அவர் வாழ்ந்த மிசௌரி மாநிலத்து மார்சலீன் ஊரின் பண்ணைக் கொட்டகையை மனதில் வைத்துக் கட்டியது. வீடு கைமாறிய பிறகு, 1999-இல் பிரித்துக் கொண்டுவந்து இங்கே நிறுத்தினார்கள்.

டிஸ்னிக்கு ரயில் பிடிக்கும் என்பது தெரிந்த கதைதான். அவருடைய சித்தப்பா முறை உறவினர் ஒருவர் எஞ்சின் டிரைவர். பதின்ம வயதில், 1917 கோடையில், டிஸ்னியே ஓடும் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றிருக்கிறார். ஆனால் ரயில் பிடிப்பவர்கள் எல்லாரும் தோட்டத்தில் தண்டவாளம் போடுவதில்லை. அதற்கு யாராவது ஒருத்தர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பவும் பிடித்த பகுதி அதுதான்: யார் யார் வீட்டுக்கு ரயில் பார்க்கப் போனார்கள் என்பது.

முதல் வீடு வார்ட் கிம்பலுடையது. டிஸ்னி ஸ்டூடியோவின் அனிமேட்டர், குறும்புக்காரர். 1938-இல் ஒரு பழைய குறும்பாதை ரயில் பெட்டியை வாங்கினார். பொம்மை இல்லை, நிஜப் பெட்டி. அது தனியாக நிற்கிறதே என்று 1881-இல் பால்ட்வின் கம்பெனி செய்த ஒரு நீராவி எஞ்சினையும் வாங்கி, சான் கேப்ரியலில் தன் வீட்டுக் கொல்லையில் மூன்று அடி அகலத் தண்டவாளம் போட்டு நிறுத்தினார். எஞ்சினுக்கு ‘எம்மா நெவாடா’ என்று பெயர், பாதைக்கு ‘கிரிஸ்லி ஃபிளாட்ஸ் ரயில்ரோடு’. பாதை சில நூறு அடிதான். போனால் திரும்பிப் பின்னாலேயே வர வேண்டும். இருந்தாலும் அவர் எஞ்சினைப் பற்றவைக்கும் நாளில் நண்பர்கள் கூட்டமாக வந்துவிடுவார்கள். 1945-இல் அப்படி ஒரு நாளில் முதலாளி டிஸ்னியும் வந்தார். கிம்பல் த்ராட்டிலை அவர் கையில் கொடுத்தார்.

எஞ்சினில் நீராவியை சிலிண்டருக்குத் திறந்துவிடும் நெம்புகோல்தான் த்ராட்டில். தோட்ட ரயில் வைத்திருப்பவர்களிடையே அதை விருந்தாளி கையில் கொடுப்பது, நம் வீட்டில் வந்தவருக்கு முதல் இலை போடுவது மாதிரி.

இரண்டாவது வீட்டுக்காரர் ஆலி ஜான்ஸ்டன். அவரும் அதே ஸ்டூடியோவின் அனிமேட்டர். அவர் நிஜ எஞ்சின் வாங்கவில்லை. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், ஆனால் உண்மையாகவே நீராவியில் ஓடும் எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார். டிஸ்னி போய் அதையும் பார்த்தார். தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து போகும் அளவில், கையால் செய்யக்கூடிய அளவில் ஒரு ரயில் சாத்தியம் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கிம்பல் ஆசையைக் கிளப்பினார், ஜான்ஸ்டன் அளவைக் காட்டினார். எங்கள் மென்பொருள் தொழிலிலும் இதுதான் நடக்கிறது. அடுத்தவன் எழுதிய கோடைத் திறந்து பார்க்காமல் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

1948 கோடையில் கிம்பலும் டிஸ்னியும் சிகாகோவில் நடந்த ரயில்வே கண்காட்சிக்கு ரயிலிலேயே போனார்கள். அங்கே பழைய எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கவும் இருவரையும் அனுமதித்தார்கள். ஊர் திரும்பியதும் டிஸ்னி ஸ்டூடியோ பட்டறையின் ராஜர் பிராகியைப் பிடித்தார். சென்ட்ரல் பசிஃபிக்கின் 173-ஆம் எண் எஞ்சினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, ஏழே கால் அங்குலத் தண்டவாளத்துக்கு ஒரு நீராவி எஞ்சின் உருவானது. மனைவி லில்லியனின் பெயரால் அதற்கு ‘லில்லி பெல்’. கடைசியில் மாட்டும் கார்டு பெட்டியை டிஸ்னியே செய்தார், உள்ளே ஒரு குட்டி இரும்பு அடுப்பு உட்பட.

1950-இல் ஹோம்பி ஹில்ஸ் வீட்டில் ‘காரல்வுட் பசிஃபிக்’ ஓடத் தொடங்கியது. மொத்தம் 2,615 அடி தண்டவாளம், கிட்டத்தட்ட அரை மைல். வீடு கட்டும்போதே வக்கீலை வைத்து ஓர் ஒப்பந்தம் எழுதச் செய்திருந்தார்: மனைவியும் இரண்டு மகள்களும் ரயில் பாதைக்கு வழிவிடச் சம்மதிக்கிறார்கள் என்று. விளையாட்டுதான், ஆனால் முழு விளையாட்டும் இல்லை. லில்லியன் தன் பூப்பாத்தியை விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் ரயில் அதற்கு அடியில் 90 அடி சுரங்கத்தில் போனது. அதுவும் நேராக இல்லை, பாம்பு மாதிரி வளைந்த சுரங்கம். நுழையும்போது மறுமுனை தெரியக்கூடாதாம். நேராகப் போட்டால் செலவு குறையும் என்று மேஸ்திரி சொன்னபோது, போடாமலே விட்டால் இன்னும் குறையும் என்று டிஸ்னி பதில் சொன்னதாகக் கதை.

வார இறுதிகளில் விருந்தாளிகள் வந்தார்கள். திறந்த பெட்டிகளின் மேல் கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்து போனார்கள். சால்வடார் டாலி கூட வந்து உட்கார்ந்து போயிருக்கிறார். அந்த மீசையோடு அந்தக் குட்டிப் பெட்டியில் அவரைக் கற்பனை செய்து பார்க்கிறேன். டிஸ்னி கரி தள்ளுவார், ஓட்டுவார். கேட்டால் வந்தவர்களையும் ஓட்டவிடுவார். கிம்பல் அவருக்குச் செய்ததைத்தான் அவரும் செய்தார்.

1953 வசந்தத்தில் ஒருநாள் ஒரு விருந்தாளி ஓட்டினார். வளைவில் வேகம் அதிகமாகிவிட்டது. எஞ்சின் தடம்புரண்டு சாய்ந்ததில் அதன் விசில் முறிந்தது.

விசிலுக்குக் கொதிகலனிலிருந்து நேராக நீராவி வருகிறது. அது முறிந்தால் கொதிகலனில் ஒரு ஓட்டை விழுந்த மாதிரிதான். உள்ளே அடைந்திருக்கும் அழுத்தம் முழுவதும் அந்த வழியாகவே வெளியேறும். எஞ்சின் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கினாலும் நீராவியின் சூடு எட்டில் ஒரு பங்காகச் சுருங்காது. இன்னொரு விஷயம், ஓட்டைக்குப் பக்கத்தில் பீறும் நீராவி கண்ணுக்கே தெரியாது. நாம் பார்க்கும் வெள்ளைப் படலம் அது கொஞ்சம் தள்ளிப்போய் ஆறிய பிறகு உண்டாகும் நீர்த்துளிகள்தான். கவிழ்ந்த ரயிலைப் பார்க்க ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்தாள். நீராவி அவள் காலைச் சுட்டது.

டிஸ்னி எஞ்சினைக் கழற்றி ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிட்டார். காரல்வுட் பசிஃபிக் அதன் பிறகு ஓடவில்லை. மூன்று வருடம், அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த விருந்தாளியைத்தான் நினைத்துக்கொள்வேன். அவர் கெட்ட எண்ணத்தில் ஒன்றும் செய்யவில்லை. ஓட்டு என்று கொடுத்தார்கள், ஓட்டினார். வளைவில் எவ்வளவு வேகம் தாங்கும் என்பது ரயில் போட்டவனின் கைக்குத்தான் தெரியும். கையில் இருப்பதை வாயால் சொல்லிக்கொடுக்க முடிவதில்லை. அன்றைக்கு அந்தக் குழந்தையின் அலறலைக் கேட்டவர்களில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பிறகு எப்படி இருந்திருக்கும்?

இரண்டு வருடம் கழித்து, 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்தது. பூங்காவைச் சுற்றி ஒரு ரயில். பிராகியின் ஆட்கள் லில்லி பெல்லின் வரைபடத்தையே ஐந்து மடங்கு பெரிதாக்கி முதல் எஞ்சின்களைச் செய்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏழே காலை ஐந்தால் பெருக்கினால் முப்பத்தாறே கால். டிஸ்னிலேண்டின் தண்டவாளம் 36 அங்குலம், அதாவது மூன்று அடி. கிம்பல் வீட்டுக் கொல்லையில் இருந்த அதே மூன்று அடி.

அதைத் தீம் பார்க்கின் ஒரு சவாரி என்று மட்டும் பார்த்தால் ஏதோ விட்டுப்போகிறது. அந்த ரயில் நெடுங்காலம், 1982 வரை, கம்பெனியின் சொத்தாக இல்லாமல் டிஸ்னி குடும்ப நிறுவனத்தின் சொத்தாகவே இருந்தது. வீட்டுத் தோட்டத்து ரயிலைத்தான் அவர் அங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்பது என் எண்ணம். ஒரே ஒரு விதி மாறியிருந்தது. திறப்பு நாளில் டிஸ்னி எஞ்சின் ஓட்டினார். விருந்தாளிகள் பெட்டியில் உட்கார்ந்தார்கள். த்ராட்டில் இனி அவர்கள் கைக்குப் போகாது.

நண்பர்களுக்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு. ஒரு படத்துக்காகப் போட்ட ரயில் நிலைய செட்டை டிஸ்னி கிம்பலுக்குக் கொடுத்திருந்தார். கிம்பல் அதைத் தன் கொல்லையில் ஒழுங்கான கட்டடமாக மாற்றி நிறுத்தினார். டிஸ்னிலேண்டுக்காக அதைத் திருப்பிக் கேட்டபோது முடியாது என்றார். முதலாளியிடம்! கடைசியில் அதே வரைபடத்தை வைத்துப் பூங்காவில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள்.

ஜான்ஸ்டன் இவர்கள் இரண்டு பேரையும்விட நீண்ட காலம் இருந்தார். பின்னாளில் அவரும் ‘மேரி ஈ.’ என்ற நிஜக் குறும்பாதை எஞ்சினை வாங்கி வைத்திருந்தார். வயதானபோது அதை விற்றார். அது பிக்சாரின் ஜான் லாசெட்டரிடம் போய்ச் சேர்ந்தது. 2005 மே மாதம், பூங்கா திறப்பதற்கு முன்பான ஒரு காலையில், லாசெட்டர் அந்த எஞ்சினை டிஸ்னிலேண்ட் தண்டவாளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவும் மூன்று அடி எஞ்சின்தான், சரியாகப் பொருந்தியது. ஜான்ஸ்டனுக்கு அப்போது 92 வயது. அவரை மேலே ஏற்றி உட்காரவைத்தார்கள். பிறகு த்ராட்டிலை அவர் கையில் கொடுத்தார்கள்.