ஐந்தாவது ஆள்

அலிபாபா கதையில் திருடர்கள் நாற்பது பேர். சட்டத்துக்கு அத்தனை பேர் வேண்டாம். ஐந்து பேர் போதும்.

நான்கு பேர் ஒரு வீட்டில் புகுந்து, கத்தியைக் காட்டி நகையைப் பறித்தால் போலீஸ் பதிவேட்டில் அது ‘கொள்ளை’. ஐந்தாவதாக ஒருவன் வாசலில் காவல் நின்றிருந்தால் அதே காரியம் ‘கூட்டுக் கொள்ளை’. அவன் நகையைத் தொட்டிருக்க வேண்டியதில்லை; உடனிருந்து உதவியதே போதும். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 391-ஆவது பிரிவில் வகுத்த கணக்கு இது. அந்தக் கொள்ளையில் ஒருவன் கொலை செய்துவிட்டால், ஐவருக்குமே தூக்கு வரை விதிக்க இடம் தந்தது 396-ஆவது பிரிவு. ஸ்டேஷன் ரைட்டர் ‘நால்வர்’ என்று எழுதுவதற்கும் ‘ஐவர்’ என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது, பாருங்கள்!

ஆனாலும் இந்தக் கணக்கில் ஒரு நியாயம் உண்டு. அந்த இடத்தில், அந்த வேளையில் இருந்தவனைத்தான் அது எண்ணுகிறது. அதற்கு முந்திய சட்டம் அப்படியல்ல. வழிப்போக்கர்களுடன் நட்பாகச் சேர்ந்து சென்று கழுத்தை நெரித்துக் கொன்றவர்கள் தக்கர்கள். அவர்களை ஒடுக்க 1836-இல் வந்த சட்டத்தில், இன்ன கொலையை இன்னான் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டினால் போதும்; ஆயுள் சிறை.

செய்ததை விட்டுச் சேர்ந்த கூட்டத்தைப் பார்க்கத் தொடங்கிய பேனா, அடுத்துப் பிறந்த குலத்தைப் பார்த்தது. 1871-இல் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்தையும் தொட்டது. நாம் வேடிக்கையாகச் சொல்லும் ‘கேடி’ என்ற வார்த்தையும் போலீஸ் பதிவேட்டில் பிறந்ததுதான். ஆனால் கேடி என்று பெயர் வாங்க ஒருவன் ஏதாவது செய்தாக வேண்டும். குற்றப் பரம்பரைப் பட்டியலில் ஏறவோ, பிறந்தால் போதும்!

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் கள்ளர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. பலர் மாண்டனர். அவர்கள் எந்த வீட்டிலும் கன்னம் வைக்கப் போனவர்கள் அல்லர். தங்கள் பெயரைக் காக்க நின்றவர்கள்.

சென்னை மாகாணம் 1947-இல் அந்தச் சட்டத்தை நீக்கியது. 1952-இல் நாடு முழுவதும் அது ஒழிந்தது. பழைய தண்டனைச் சட்டத்தில் 310-ஆவது பிரிவு தக்கர்களுக்கு உரியது. 2024 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் தக்கர் இல்லை. அதே 310-ஆம் எண்ணில் இப்போது கூட்டுக் கொள்ளை இருக்கிறது. ஐந்து என்ற கணக்கு மாறவில்லை.

மாற வேண்டியதும் இல்லை. ஐந்தாவது ஆளை எண்ணட்டும். ஆனால் அவன் வாசலில் நின்றானா என்று பார்த்து எண்ணட்டும். எந்த வீட்டில் பிறந்தான் என்று பார்த்து அல்ல.