தவிட்டெண்ணெய்: சோப்பு ஆலையிலிருந்து சமையலறைக்கு

அரிசித் தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் உண்டு. ஆயினும், உலகின் முதன்மை நெல் விளைநாடுகளுள் ஒன்றான இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேற்பட்டதை இறக்குமதியால் நிறைவு செய்கிறது. தவிட்டெண்ணெய் நெடுங்காலம் அடுக்களைக்கு வெளியே நின்றதற்குப் பெருங்காரணம் ஓர் அமிலச் சிக்கல்.

கொழுப்பு என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் இணைந்த பொருள் என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அந்த இணைப்பு அறுபடும்போது கட்டற்ற கொழுப்பு அமிலங்கள் தோன்றுகின்றன. நெல் முழுமணியாக இருக்கும்வரை அடங்கியிருக்கும் லிபேஸ் நொதி, அரைவையின்போது தவிடு உரிந்தவுடன் எண்ணெயோடு கலந்து அதனைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில நாள்களிலேயே எண்ணெய் உண்ணத் தகாததாகிவிடும். புழுங்கல் நெல்லில் வெப்பம் நொதியைச் செயலிழக்கச் செய்வதால் அதன் தவிடு சற்று நிலைத்து நிற்கும். பச்சரிசித் தவிட்டுக்கு அந்தப் பாதுகாப்பில்லை.

நாடெங்கும் பரவியிருந்த ஹல்லர் ஆலைகள் உமியையும் தவிட்டையும் ஒன்றாகவே வெளித்தள்ளின. அக்கலவை பெரும்பாலும் கால்நடைத் தீவனமாயிற்று. பிரித்தெடுக்கப்பட்ட எண்ணெயோ அமிலம் மிகுந்திருந்ததால் சோப்பு ஆலைகளுக்குச் சென்றது. சோப்புக்கு அமிலம் குற்றமன்று.

அமிலத்தை நீக்கும் வழக்கமான முறை, எண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்ப்பது. அமிலம் சோப்பாக மாறிப் பிரிகிறது. ஆனால் நல்லெண்ணிக்கையிலான நடுநிலை எண்ணெயையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அமிலம் குறைந்த எண்ணெய்களில் பொறுத்துக்கொள்ளத்தக்க இந்த இழப்பு, தவிட்டெண்ணெயில் ஆலையின் இலாபத்தையே விழுங்கிவிடும். மேலும், இவ்வெண்ணெயின் சிறப்புக்கூறான ஒரைசனாலின் பெரும்பகுதியும் காரத்தோடு சேர்ந்து வெளியேறிவிடும்.

மாற்று வழி, காரமின்றி, வெற்றிடத்தில் சுமார் 250 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவி செலுத்தி அமிலத்தை ஆவியாக வடித்தெடுப்பது. அதற்கு முன் எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் சார்ந்த பிசின்களும் மெழுகும் அறவே நீங்கியிருக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் கருத்துவிடும். இந்த முட்டுக்கட்டையை அகற்ற, ஐதராபாத்திலுள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் நொதிவழிப் பிசின் நீக்க முறையை உருவாக்கி ஆலைகளுக்கு வழங்கியது. ஒரு நொதி கெடுத்ததைச் சீர்செய்ய மற்றொரு நொதியே துணைக்கு வந்தது.

இன்றும் வடித்தெடுக்கப்பட்ட அமிலம் சோப்புத் தொழிலுக்கே செல்கிறது. எண்ணெய் மட்டும் அடுக்களைக்குத் திரும்பியிருக்கிறது. எனினும், சுத்திகரிப்பு எவ்வளவு முன்னேறினாலும், அரிசி ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் இடையே தவிடு காத்திருக்கும் நேரமே இழப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. தவிட்டெண்ணெயின் வரலாறு வேதியியலின் வரலாறு மட்டுமன்று; தொலைவின், காலத்தாழ்வின் வரலாறும்கூட.