நாகரிகம் ஆட்டமான வரலாறு

அரசு நடத்திப் பார்க்கும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. நால்வகைப் படையைக் கட்டங்களில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டிலே தோன்றி, பாரசீகம் சென்று, அரபு மக்கள் வழியாக ஐரோப்பாவை எட்டியது. அவ்வாசை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணிப்பொறியைப் பற்றிக்கொண்டது. 1991-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் ஆட்டம் அதன் புகழ்பெற்ற விளைவாகும். கி.மு. 4000-இல் குடியேறும் ஒரு சிறு கூட்டத்துடன் தொடங்கி, விண்கலம் செலுத்தும் காலம் வரையில் ஒரு மக்களினத்தை நடத்திச் செல்வதே அதன் பொருள். அது உருவான வரலாற்றை நோக்குமிடத்து, ஆக்கியோர் சேர்த்தவற்றைவிட நீக்கியவையே நமக்கு மிகுந்த பாடம் தருகின்றன.

மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் சிட் மேயர் என்பார் இதனை வகுத்தார். அவருக்குத் துணைநின்ற புரூஸ் ஷெல்லி, முன்னர்ப் பலகையாட்டங்களை வெளியிடும் நிறுவனமொன்றில் பணியாற்றியவர். 1990 மே மாதத்தில் மேயர் தம் முதல் மாதிரியைப் பிளாப்பித் தட்டொன்றில் பதித்து ஷெல்லியிடம் அளித்தார். ஷெல்லி ஆடிப் பார்த்துக் குறை கூறுவார், மேயர் திருத்துவார், திருத்தியதை ஷெல்லி மீண்டும் ஆடுவார். குயவன் களிமண்ணை வனைவது போல ஆட்டம் இவ்வாறு வடிவம் பெற்றது.

1989-இல் வெளிவந்த வில் ரைட்டின் ‘சிம்சிட்டி’, நகரம் அமைப்பதையே விளையாட்டாக்கியிருந்தது. அதைப் பின்பற்றி, மேயரின் முதல் மாதிரியிலும் காலம் தானே ஓடியது. ஆடுபவர் நிலத்தைப் பகுத்துக் கொடுத்துவிட்டு, மக்கள் பெருகுவதைப் பார்த்திருந்தார். அவர் செய்ததைவிடப் பார்த்திருந்ததே மிகுதி! இக்குறையை உணர்ந்த இருவரும் அதனை ஒதுக்கி வைத்து, வேறொரு ஆட்டத்தை முடிக்கச் சென்றனர். திரும்பி வந்தபோது, பலகையாட்டத்தைப் போல முறை வைத்து ஆடும் அமைப்பை மேற்கொண்டனர். இப்போது காலம் ஆடுபவருக்காகக் காத்திருந்தது. இந்நகரில் களஞ்சியம் கட்டுவதா, மதில் எழுப்புவதா? ஒவ்வொரு முறையும் ஒரு முடிவை வேண்டி நின்றது.

இரண்டாவது மாற்றம் இன்னும் ஆழமானது. நாகரிகங்கள் எழுந்து, வீழ்ந்து, மீண்டும் தலையெடுக்க வேண்டும் என்பது தொடக்க எண்ணம். வரலாறு கூறுவதும் அதுவே. ஆயினும் வீழ்ச்சி வந்தவுடன், ஆடுவோர் அதைத் தாங்கி மேலே செல்ல விரும்பவில்லை; சேமித்து வைத்த முந்திய நிலைக்கே திரும்பினர். ஆகவே வீழ்ச்சி நீக்கப்பட்டு, முன்னேற்றமே ஆட்டத்தின் நெறியாயிற்று.

ஒன்றை மாற்றுவதாயின் இருமடங்காக்கு, அல்லது பாதியாக்கு என்பது மேயரின் கொள்கை. சிறிது சிறிதாக மாற்றினால் விளைவு புலப்படாது என அவர் கருதினார். ஆட்டம் மெதுவாக நகர்ந்தபோது நிலப்படத்தைப் பாதியாக்கினார். ஆட்டம் விறுவிறுப்பு அடைந்தது. மது வடித்தல் போன்ற சிறு தொழில்களுக்கென வகுத்திருந்த தனி அறிவுக்கிளையும் நீளத்தைக் கருதிக் கைவிடப்பட்டது. எழுத்து, சக்கரம் முதலிய பெருங்கண்டுபிடிப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைக்கும் முறை நிலைத்தது.

இம்மாற்றங்களால் ஆட்டம் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1565-க்குப் பின் பாழான விசயநகரத்தின் இடிபாடுகளைக் கண்ட நமக்கு ஒன்று விளங்கும். நாகரிகத்தின் பாதை என்றும் ஏறுமுகமானதன்று. முந்திய நிலைக்குத் திரும்பும் வசதியும் மன்னர்க்கு இல்லை. ஏறுமுகமாக மட்டும் காட்டியது ஆட்டத்தின் தேவை; அதை வரலாற்றின் விதியென்று இளைஞர் கொள்ளலாகாது. ஆட்டத்தை ஆட்டமாகச் சுவைத்து, அது விட்டுச் சென்ற பாதியை நூல்களில் தேடுவோமாயின், இரண்டின் பயனும் நமக்குக் கிட்டும்.