முன்பணமும் மீட்சியும்: கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் சிறார் கடன்தளை

அடிமைமுறை ஒழிப்பின் எல்லைக்கற்களாக 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தையும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தையும் கொள்வது வழக்கம். முன்னது அடிமையின்மீதான உடைமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்தது. பின்னது ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. எனினும், கடனுக்கு ஈடாக உழைப்பைப் பிணைக்கும் வழக்கம் இவற்றால் முடிவுக்கு வரவில்லை. கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலில் அவ்வழக்கம் சிறாரைப் பற்றிய விதத்தையும், அவர்கள் விடுபட்ட வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1923இல் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்களுக்கும் பரவியது. மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் நம்பிய கரிசல் குடும்பங்களுக்கு, மழை பொய்த்த ஆண்டுகளில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ தரும் முன்பணமே கைக்கு எட்டிய கடன். கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் ஆகிய பணிகளுக்கு எண்ணிக்கைக் கூலியே வழங்கப்பட்டது. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த ஆலைப் பேருந்துகளில் சிறார் ஏறினர். அவர்களுள் பெண் குழந்தைகளே மிகுதி. முன்பணம் பெற்றவர் பெற்றோர். உழைத்துக் கழித்தவர் குழந்தை.

இதனைத் தடுக்கும் சட்டம் முன்னரே இருந்தது. 1933ஆம் ஆண்டின் குழந்தைகள் உழைப்பு ஈடுவைத்தல் சட்டம், எழுத்தாலோ வாய்மொழியாலோ குழந்தையின் உழைப்பை ஈடுவைக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியது. பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும் வேலைக்கு அமர்த்துவோருக்கு 200 ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அது இடமளித்தது. ஆனால், நியாயமான கூலிக்கு, குழந்தைக்குத் தீங்கின்றி, ஒரு வாரத்திற்கு மேற்படாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளத்தக்க ஒப்பந்தங்களுக்கு விலக்களித்தது. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே பிணைப்புக் கடனையும் நீக்கியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. எனவே, இவ்வட்டாரச் சிறார் உழைப்பின் பெரும்பகுதியை ‘வறுமையின் விளைவு’ என்று மட்டும் குறிப்பது போதாது; அது கடன்தளையாகவும் ஆராயப்பட வேண்டும்.

மீட்சியின் வழிகள் பல. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் 1956இல் தொடங்கப்பெற்ற பள்ளி மதிய உணவுத் திட்டம், பசியைப் பள்ளியின் பொறுப்பாக்கியது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கிற்று; அதன் சிறப்புப் பள்ளிகள் விடுபட்ட சிறாருக்கு இடைப்பாலமாயின. கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படம் இவ்வாழ்வைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது. தீப்பெட்டித் தொழிற்சிறார் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 10.12.1996 அன்று வந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை உரிமையாளர் செலுத்தப் பணித்தது. அக்குடும்பத்தின் வயதுவந்தோர் ஒருவருக்கு வேலை, இயலாதவிடத்து அரசின் பங்காக 5,000 ரூபாய் எனவும் வகுத்தது.

இத்தீர்ப்பின் சிறப்பு தண்டத்தொகையில் இல்லை. குழந்தையின் விடுதலையைப் பெரியோரின் வருவாயோடு இணைத்தமையில் உள்ளது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கியதேயன்றி, ஒப்பந்தத்திற்குத் தள்ளிய வறட்சியையும் கடனையும் கருதவில்லை. உணவு, பள்ளி, பெரியோர் கூலி ஆகியவை ஒருங்கே அமையும்போதே மீட்சி நிலைக்கிறது. ஆகவே, கரிசல் வட்டார விடுதலை வரலாற்றை எழுதுவோர் சட்டம் இயற்றப்பெற்ற நாளோடு நிறுத்தாது, முன்பணக் கணக்கு தீர்ந்த நாளையும் தேட வேண்டும்.