சாலைசாரா வாகனத் தட மானியம் (கலிஃபோர்னியா)

டர்ட் பைக், ஏ.டி.வி., மணற்குன்றுகளில் ஏறும் பக்கி, நாற்சக்கர இயக்க ஜீப் போன்ற வண்டிகள் பொழுதுபோக்காக ஓடும் மண் தடங்களைப் பராமரிக்கவும், அங்கே சட்டத்தை நிலைநாட்டவும், சிதைந்த நிலத்தை மீட்கவும் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு வழங்கும் நிதியே சாலைசாரா வாகனத் தட மானியம். மாநிலப் பூங்காத் துறையின் தனிப்பிரிவு ஒன்று இதை நிர்வகிக்கிறது. கவுண்டிகள், நகராட்சிகள், கூட்டரசின் வனத்துறை, நில மேலாண்மைப் பணியகம், பழங்குடி அரசுகள், லாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியவை இதற்கு விண்ணப்பிக்கலாம். இத்திட்டத்தின் அரைநூற்றாண்டு வரலாறு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகிறது. வண்டி ஓட்டுபவர்களிடம் பணம் வசூலித்துத் தனி நிதியாக வைத்தது முதல் படிதான். அந்தப் பணத்தை எதற்கு, என்ன விகிதத்தில், எந்த நிபந்தனைக்கு உட்பட்டுச் செலவிடுவது என்று சட்டமே கறாராக வகுத்த பிறகுதான் அது நிலத்தைக் காக்கும் கருவியானது.

1960களில் மலிவான மோட்டார்சைக்கிள்கள் பெருகியபோது தென் கலிஃபோர்னியாவின் பாலைவனம் கேட்பாரற்ற பந்தயத் திடலாயிற்று. 1967இல் தொடங்கிய பார்ஸ்டோ–வேகஸ் பந்தயத்தில், 1974 வாக்கில் ஏறத்தாழ 3,000 வண்டிகள் மொஹாவி பாலைவனத்தின் குறுக்கே பாய்ந்தன. அதன்பின் பல ஆண்டுகள் அரசு அதற்கு அனுமதி தரவில்லை. அந்த மண்ணில் விழுந்த வடு எளிதில் ஆறாது. 1942இல் ஜெனரல் பேட்டன் அமைத்த போர்ப் பயிற்சிக் களத்தின் டாங்கித் தடங்களை இன்றும் அங்கே பார்க்கலாம். இந்தப் பின்னணியில் குடியரசுக் கட்சியின் ஜீன் சாப்பியும் ஜனநாயகக் கட்சியின் எட்வின் ஸ்பெர்க்கும் இணைந்து முன்னெடுத்த சட்டம் 1971இல் நிறைவேறியது. பொதுச் சாலைக்குப் பதிவு பெறாத வண்டிகளும் அரசிடம் பதிவு செய்து, கட்டணம் கட்டி, அடையாளம் பெற வேண்டும் என்றாயிற்று. 1972இல் அதிபர் நிக்சனும் 1977இல் அதிபர் கார்ட்டரும் பிறப்பித்த ஆணைகள், கூட்டரசு நிலங்களில் இவ்வண்டிகள் எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கவும், சேதம் மிகுந்த இடங்களை மூடவும் வழிசெய்தன. ஆணை பிறந்தாலும் அதை நடைமுறைப்படுத்த ஆளும் பணமும் வேண்டும். அந்த இடைவெளியில்தான் மாநிலத்தின் மானியம் நுழைந்தது.

பதிவுக் கட்டணத்தோடு, இவ்வண்டிகளுக்கான மாநில வாகனப் பொழுதுபோக்குப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணமும் இந்த நிதியில் சேர்கிறது. ஆனால் இதில் பெரும்பங்கு பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. பெட்ரோல் நிலையத்தில் வாங்கும் ஒவ்வொரு லிட்டரிலும் நெடுஞ்சாலைக்கான வரி அடங்கியிருக்கிறது. காட்டிலும் பாலையிலும் எரியும் பெட்ரோல் நெடுஞ்சாலையைத் தேய்ப்பதில்லை. ஆகவே அந்த அளவை மதிப்பிட்டு, அதற்குரிய வரியைத் தடங்களின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கூட்டரசும் இதே தர்க்கத்தை ஏற்றது. ஐடஹோவின் செனட்டர் ஸ்டீவ் சிம்ஸ் முன்வைத்து 1991இல் பிறந்த தேசியத் தடத் திட்டம், 30 விழுக்காட்டை மோட்டார் தடங்களுக்கும், 30 விழுக்காட்டை நடை, மிதிவண்டி, குதிரைத் தடங்களுக்கும், எஞ்சிய 40 விழுக்காட்டைப் பலவகைப் பயன்பாட்டுக்கும் ஒதுக்குகிறது.

நிதி இருந்தும் சர்ச்சை ஓயவில்லை. 1975இல் ஹாலிஸ்டர் ஹில்ஸ் முதல் மாநில வாகனப் பொழுதுபோக்குப் பூங்காவானது. 1982இல் பூங்காத் துறையின் தனிப்பிரிவும் மானியம் வழங்கும் ஆணையமும் அமைந்தன. யாருக்கு எவ்வளவு என்பதில் ஓட்டுநர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் ஆண்டுதோறும் மோதின. 2003இல் கூட்டரசு வனத்துறைத் தலைவர் டேல் போஸ்வொர்த், ஒழுங்குபடுத்தப்படாத பொழுதுபோக்கைக் காடுகளுக்கான நான்கு பெரும் ஆபத்துகளுள் ஒன்றாக அறிவித்தார். குறிக்கப்பட்ட தடங்களில் மட்டுமே வண்டி ஓடலாம் என்ற வனத்துறை விதி 2005இல் வந்தது. மாநில செனட்டர் டாரல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமே திருப்புமுனை. மானியத்தில் 50 விழுக்காடு இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும், 25 நில மீட்புக்கும், 20 சட்ட அமலாக்கத்துக்கும், 5 கல்விக்கும் பாதுகாப்புக்கும் என்று அது பங்கு பிரித்தது. மானியம் வழங்கும் அதிகாரத்தையும் ஆணையத்திடமிருந்து பிரிவுக்கு மாற்றியது. ஆண்டுதோறும் புதிதாகப் பேரம் பேசும் நிலை மாறி, விகிதம் சட்டத்திலேயே நிலைபெற்றது.

இந்தப் பணம் பெரும்பாலும் மண்வேலைக்கே செலவாகிறது. மானியம் பெறும் நிலத்தில் மண் காப்புத் தரத்துக்கும் வனவிலங்குக் காப்புத் திட்டத்துக்கும் உட்பட்டே தடம் இருக்க வேண்டும். பணியாளர்கள் தடத்தைப் பகுதி பகுதியாக நடந்து பார்த்து, நல்லதென்றால் பச்சை, கவனம் தேவையென்றால் மஞ்சள், பழுதென்றால் சிவப்பு எனக் குறிக்கிறார்கள். சரிவில் இறங்கும் தடத்தில் மழைநீர் சேர்ந்தால் சக்கரப் பள்ளமே ஓடையாகி மண்ணை அரித்துவிடும். எனவே இடையிடையே தடத்தைச் சற்றுத் தாழ்த்தி, அடுத்து மேடாக்கி, நீரைப் பக்கவாட்டில் வடியவிடுகிறார்கள். பாலைவனத்தில் மூடிய தடத்தை மீட்கும் வேலை இன்னும் நுட்பமானது. முதன்மைத் தடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் தொலைவுக்கு இறுகிய மண்ணைக் கிளறி, காய்ந்த புதர்களைச் செடி நிற்பதுபோலவே நட்டுவைக்கிறார்கள். வழி இருப்பதே தெரியாதபோது வண்டி உள்ளே திரும்புவதில்லை. நட்ட புதரின் அடியில் விதையும் ஈரமும் தங்குகின்றன.

நிலத்தைச் சிதைக்கும் பொழுதுபோக்குக்கு அரசு ஏன் பணம் தர வேண்டும் என்பது முதல் ஆட்சேபம். மானியத்தை நிறுத்தினால் வண்டிகள் நின்றுவிடும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. மானியம் பிறப்பதற்கு முந்தைய பாலைவனமே இதற்கு மறுமொழி: அப்போது பணமும் இல்லை, தடையும் இல்லை, வண்டிகள் மட்டும் இருந்தன. நாங்கள் கட்டும் பணத்தில் எங்கள் தடத்தையே மூடுகிறார்களே என்பது ஓட்டுநர்களின் மனக்குறை. அது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் தரம் தவறிய தடத்தைச் சீராகும்வரை மூடு என்ற நிபந்தனைதான் எஞ்சிய தடங்களைத் திறந்துவைக்கும் நியாயத்தை அரசுக்குத் தருகிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் இல்லாத பணம் மண் தடத்துக்கு எதற்கு என்பது மூன்றாவது கேள்வி. 2008க்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் மாநில அரசே இந்த நிதியிலிருந்து கடன் எடுத்தது. ஒரு நோக்கத்தைச் சொல்லி வசூலித்த பணம் வேறு நோக்கத்துக்குப் போனால், அடுத்த முறை கட்டணம் கட்டுபவரின் நம்பிக்கை குலையும்.

மானியத்துக்கு எல்லையும் உண்டு. ஓரிடத்தில் வண்டி ஓடத்தான் வேண்டுமா என்ற கேள்விக்குப் பணம் விடை சொல்லாது. ஓஷனோ மணற்குன்றுகளில் வண்டிகளைப் படிப்படியாக நிறுத்தக் மாநிலக் கடலோர ஆணையம் 2021இல் முடிவெடுத்தது. அந்த முடிவு நீதிமன்றம் வரை சென்றது. கார்னகி வாகனப் பொழுதுபோக்குப் பூங்காவின் விரிவாக்கத்துக்காக இதே நிதியில் வாங்கிய, டெஸ்லா எனப்படும் சுமார் 3,100 ஏக்கர் நிலம், அதே ஆண்டில் வண்டிகளுக்கு இல்லை என்று முடிவானது. இத்தகைய முடிவுகளை மக்கள்மன்றங்கள்தான் எடுக்க வேண்டும். ஓடலாம் என்று முடிவான இடத்தில், ஓட்டுபவரே செலவையும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதை இத்திட்டம் நடைமுறையில் நிறுவியிருக்கிறது. காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டுவந்த இத்திட்டத்தை, மாநில செனட்டர் பென் ஆலன் கொண்டுவந்து ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கியது.